எட்டு மூடிகளும் அப்பாவின் வலது கையும்

கை நீட்டும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று வாசித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையை அசைக்கிற பகுதியில் ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் பிடித்த பக்கம் ஒன்று இருக்கிறதாம். கை அந்தப் பக்கம் போனால் அது கூடுதலாகத் துடிக்கும், விலக விலகக் குறையும். ஒரு கலம் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் இழுக்கிறதோ, கை அந்தப் பக்கம் போகிறது. நான் உயிரியல் படிப்பிக்கும் வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் ஏ.எல். பிள்ளைகளுக்கு இதை ஒரு மணித்தியாலம் கீறிக் காட்டினேன்.

"சேர், இது எக்ஸாமுக்கு வருமா?"

வராது. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

அப்பா ஹாபரில், கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுபவர். மேலே, கீழே, இடம், வலம், நிறுத்து. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் நக்கல் போகவில்லை. கொச்சிக்கடைக் கோயிலைத் தாண்டும்போது இடது கையால் சிலுவை போடத் தொடங்கியிருந்தார். நான்தான் தடுத்தேன். இடது கையைப் பழக்கினால் வலது சோம்பலாகிவிடும் என்றேன். அவருக்கும் இடது கையால் போடுவது கூச்சம். சரி, வலது வரட்டும், அதுவரைக்கும் போடுவதில்லை என்று விட்டுவிட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு சோடா மூடிகளை வட்டமாக வைத்தேன். நடுவில் அவருடைய வலது கை. நான் சொல்லும் மூடியைத் தொட வேண்டும்.

"கிரேன்காரனுக்கே பக்கம் காட்டினவன் நான். இப்ப நீ எனக்குக் காட்டுறாய்."

"கொஞ்சக் கலம் செத்தாலும் மிச்சம் இருக்குது அப்பா. அதுகள் சேர்ந்தா காணும், கை போகும்."

மூன்று மாதம், ஒவ்வொரு பின்னேரமும். ஒருநாள் கை முன்னால் ஊர்ந்து மூடியைத் தொட்டது. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு இடப்பக்க மூடி. பிறகு வலப்பக்கம். எல்லாவற்றையும் கொப்பியில் குறித்தேன்.

அந்தக் கொப்பியோடும் மூடிகளோடும்தான் கிளினிக் போனோம். அங்கே மேசையில் மூடிகளை வைத்ததும் அப்பா முன்னால் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். பயிற்சி கொடுக்கும் மிஸ் எழுந்து வந்து, அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, முதுகு கதிரையோடு ஒட்டும்படி பிடித்தார்.

"இப்ப தொடுங்க அங்கிள்."

கை அசையவில்லை. அப்பாவின் நெற்றி வியர்த்தது. விரல் நுனிகூட அசையவில்லை.

"தம்பி, இவ்வளவு நாளும் கை போகல்ல. உடம்பு சாயச் சாயக் கையும் கூட இழுபட்டிருக்கு. நீங்க உடம்பைத்தான் பழக்கியிருக்கிறீங்க." ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மூளையிலிருந்து கைக்கு இறங்குற பாதைதான் அறுந்திருக்கு. பெரிசா எதிர்பார்க்காதீங்க."

கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தீர்மானிக்கின்றன. அது கைக்கு வந்து சேர்வதில்லை. நான் ஏன் மேசையை மட்டும் பார்த்தேன், அவருடைய தோளை ஒருமுறையாவது ஏன் பார்க்கவில்லை?

திரும்பும்போது ஓட்டோ கொச்சிக்கடைக் கோயிலடியில் நெரிசலில் நின்றது. ஓட்டோக்காரர் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"இடது கையால போடுங்கோ அப்பா. பரவாயில்ல."

அவர் தலையாட்டி மறுத்தார். நான் அவருடைய வலது கையைத் தூக்கி நெற்றிக்கு, நெஞ்சுக்கு, இடது தோளுக்குக் கொண்டுபோனேன். ஈரத் துணி மாதிரிக் கனத்தது.

"விடு மகன். இது நீ போடுறது."

விட்டேன். கை மடியில் விழுந்தது. ஓட்டோ நகர்ந்தது.