மோட்டார் சைக்கிளின் கயிறு

"...பல்லைப் பிடிச்சுப் பாக்க உது மாடில்லைத் தம்பி, ஏறி ஓடிப் பாரும்!" என்றார், அச்சுவேலியில் நான் சந்தித்த மலாயாப் பென்சன்காரர்.

புதிய மோட்டார் சைக்கிள் என் கைக்கு எட்டாது. பழையது தேடி வட்டுக்கோட்டை வரை அலைந்தும், இவருடையது மட்டுந்தான் எனக்குக் கட்டுப்படியான விலையில் இருந்தது. மனிதர் நெடுவல், காதிடுக்கில் பாதிச் சுருட்டு. கதைக்கும்போதெல்லாம் சால்வைத் தலைப்பால் வண்டியின் ரப்பர்க் குமிழ் ஹோர்னைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

வீட்டடி ஒழுங்கைப் பாதை முடியுமட்டும் ஓடிப் பார்த்தேன். புகையிலைத் தோட்டத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பேசிய விலையை வெற்றிலையில் வைத்து நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், குறடொன்றை எடுத்து ஹோர்னைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயா, அதென்ன செய்யிறியள்?"

"மாட்டை வித்தால் ஆரும் கயிறு குடுக்கிறவையே? ராசி வீட்டிலை நிக்க வேண்டாமே?"

"இப்பதானே மாடில்லையெண்டு சொன்னியள்!"

"பல்லுப் பாக்கத்தான் மாடில்லை. முன்னம் வந்த ரண்டு பேரும் உதுக்காகத்தான் திரும்பிப் போனவை. நீரும் போறதெண்டால் போம்."

அந்த வீட்டில் வேறொரு சைக்கிள்கூட இல்லை. எந்த ராசியைக் கட்டி வைக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

"ஹோர்ன் இல்லாமல் சந்தைச் சனத்துக்குள்ளாலை எப்பிடி ஐயா போறது?"

அவர் கழற்றிய ஹோர்னைக் கையில் பிடித்தபடி எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். சந்தை தாண்டுமட்டும் அதை அமத்தி அமத்தி, சனத்தை விலக்கிக்கொண்டே போனார்.