கம்பம் பஸ்ஸில் என் ஜீன்ஸுக்கு விழுந்த தையல்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

காலையில் குமுளியில் கம்பம் வழியாகத் தேனி போகும் பஸ்ஸில் ஏறும்போது படியில் இடறி, ஏற்கெனவே நைந்திருந்த என் ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்துவிட்டது. கம்பத்தில் வேலை நேர்காணலுக்குப் போகிற நேரத்தில்!

பக்கத்து இருக்கையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தலையணை உறையில் பூ தைத்துக்கொண்டிருந்தார். கிழிசலைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து உள்ளே செருகினார். அடுத்த நொடி ஊசி என் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, பஸ்ஸு வளையுது! குத்திரும்!"

"ஆடாம இரு புள்ள. நான் பாத்துக்கிடுதேன்."

மலை இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பம் வந்தபோது முழங்காலில் மஞ்சள் நூலில் ஒரு பூ விரிந்திருந்தது. அவ்வளவு அழகு!

நன்றி சொல்லி எழுந்தேன். தேனி போகவேண்டிய அக்காவும் கூடவே இழுபட்டு எழுந்தார். தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்!

கண்டக்டர் விசில் அடித்தார். "நூல வெட்டிருங்கக்கா!" என்றேன்.

அக்கா கத்தரியை எடுத்து நறுக்கென்று முந்தானை நுனியை வெட்டிவிட்டார். மடிப்புக் கலையாத நீலச் சேலை!

"ஐயோ, சேல!"

"பூவப் பிரிச்சா திரும்ப இப்பிடி வருமா? இறங்கு, நேரமாச்சு."

பஸ் போய்விட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை.

முழங்காலில் நீலத் துணி தொங்க நேர்காணலுக்குப் போனேன். நேர்காணல் எடுத்த மூன்று பேரும் தையலைப் பற்றித்தான் கேட்டார்கள். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

எனக்கு வேலை உண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.