பாடி ரெடிங்க

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை எனக்கு. லாரி முடிந்ததும் ஓனருக்குப் போன் போட்டு, "பாடி ரெடிங்க, வந்து எடுத்துக்குங்க" என்பேன். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று சேந்தமங்கலத்து ஓனர் ஒருவர் போனை எடுக்கவில்லை. அவர் வீட்டு நம்பருக்கு அடித்தேன். மனைவி எடுத்தார். பட்டறையிலிருந்து என்றுகூடச் சொல்லாமல், அவசரத்தில் அதையே சொன்னேன்.

மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, "ஆஸ்பத்திரியிலிருந்துங்களா? காத்தால கூட நல்லாப் பேசுனாருங்களே" என்றார்.

கணவருக்கு அன்று சேலத்தில் ஆபரேஷன். அது எனக்குத் தெரியாது.

"ஐயோ, லாரி பாடிங்க! பட்டறையிலிருந்து பேசறனுங்க!"

"அப்ப அவரு இருக்காருங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? "தெரியலீங்க" என்றேன். அவ்வளவு கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து ஓனரே வந்தார், வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து. கூட வந்த மனைவி, புதுப் பெயின்ட் அடித்த லாரியைச் சுற்றிப் பார்த்தார். "இதுதானுங்களா அந்தப் பாடி?" என்றார். ஓனர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் "லாரி ரெடிங்க" என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, எதிர்முனையில் ஒரு குரல் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.