என் மனைவி வைக்காத மருந்து

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஆண்மை தளர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், போடிநாயக்கனூரில், இதைச் சொல்ல ஆளும் கிடையாது, வார்த்தையும் கிடையாது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. களைத்திருப்பீர்கள், தூங்குங்கள் என்பாள். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மதுரையில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். படித்ததற்கும் செய்ததற்கும் தொடர்பில்லை. அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் எடுக்கும் மாதங்களில் மலையிலேயே தங்கல். தாகம் எடுத்தது, அடிக்கடி சிறுநீர் போயிற்று, உடம்பும் இளைத்தது. மலைக்குளிர் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் இளைப்பதை மட்டும் சொன்னேன். மீதியை அவரே ஊகித்துக்கொண்டார்.

"மலையில வேற எவகிட்டயும் போயிறக் கூடாதுன்னு உம் பொண்டாட்டி உனக்கு மருந்து வச்சுட்டா, அப்பு. அவ கையால தண்ணிகூட வாங்காத."

மருந்து வைப்பது என்றால், ஆணைக் கட்டிப்போடப் பெண் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது. அப்படிக் கட்டிப்போடுகிறவள் தனக்கும் உதவாதபடியா கட்டிப்போடுவாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குற்றம் என் உடம்பில் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

சிலமலைப் பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். என் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, இலையில் ஒரு கறுப்பு உருண்டையைத் துப்பினார். அதில் மயிர் சுற்றியிருந்தது. கல்லூரியில் எந்த உப்பைக் கொடுத்தாலும் இன்னதென்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான். அந்த உருண்டையைத் தொட்டும் பார்க்கவில்லை. தளர்ச்சி போவதற்கு, கருப்பட்டியும் மலைத்தேனும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய லேகியத்தை மூன்று வேளையும் தின்னச் சொன்னார். ஒரு வேளையும் தவறவில்லை.

இதற்குள் அம்மா என் மனைவியைத் தேவாரத்துக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காரணத்தை ஊரறியச் சொன்னார். புறப்படும்போது வாசலில் அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

லேகியம் தின்னத் தின்ன இன்னும் இளைத்தேன். காலில் ஒரு கொப்புளம் ஆறாமல் போகவே மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். புண்ணைப் பார்த்தவர் தாகத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மற்றதையும் விசாரித்தார். விடியற்காலையில் தூக்கத்திலாவது எழுச்சி உண்டா என்றார். இல்லை என்றேன். அது இருந்தால் மனக்கவலையாக இருக்கலாம், இல்லாவிட்டால் உடம்பில்தான் தேட வேண்டும் என்றார். என் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறம் வந்தது. பரீட்சையில் நானே செய்து மதிப்பெண் வாங்கிய சோதனை அது.

"சர்க்கரை வியாதி. நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டிருக்கு. இனிப்ப விட்டுட்டு ஊசி போட்டுக்கிட்டா ஓரளவு திரும்பும். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?"

லேகியத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

மனைவியை அழைத்துவரத் தேவாரம் போனேன். மாமனார் தன் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"எம் மக என்னதான் செஞ்சா? நீங்களே சொல்லுங்க மாப்ளே."

சர்க்கரை என்ற ஒரு சொல் போதும். ஆனால் சர்க்கரைக்கும் அவளை அனுப்பியதற்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்துக் கேட்பார்கள்; என் தளர்ச்சியையும் சொல்ல வேண்டிவரும்.

"இப்ப வயிறு சரியாயிருச்சு மாமா. கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மருந்து வைத்தது உண்மை, எடுத்தாகிவிட்டது என்றுதான் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எனக்கு இலை போட்டாள். சோறும் குழம்பும் வைத்தாள். பிறகு அம்மாவின் கண்முன்னே என் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து, மென்று விழுங்கினாள்.

"இனிமே நான் ஒரு வாய் தின்னதுக்கப்புறம் நீங்க தின்னுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சாப்பிட்டேன்.

ஊசியில் சர்க்கரை அடங்கியது. மற்றதும் ஓரளவு திரும்பியது, பிள்ளைகள் பிறந்தார்கள். எதனால் எது வந்தது என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். அத்தையிடமும் தன் அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டீர்களா என்றாள். சொல்கிறேன் என்றேன். இருவரும் அது தெரியாமலே இறந்தார்கள்.

அவள் சாகும்வரை என் இலையில் முதல் வாய் அவளுடையதுதான். பிள்ளைகள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.