பத்தாம் எண் சட்டைக்குள் இருந்தவர்

அந்த கோலைப் போட்டவர் தங்கையா அல்லர்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தே அவர் பெயரை எழுதினேன். தெரிந்தே அச்சுக்குக் கொடுத்தேன். தெரிந்தே மேடையேறி வாசித்தேன். வாசித்து முடித்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது... அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது! அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

யார் இந்தத் தங்கையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கிள்ளான் நகரக் கால்பந்து கிளப் ஒன்றின் பத்தாம் எண் ஆட்டக்காரர். ஐம்பதைத் தாண்டிய ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் போதும், கோப்பி ஆறிப்போகும் வரை பேசுவார்கள். அவர் வீடே விளையாட்டு வீடு. அக்கா சரோஜா நானூறு மீட்டரில் மாநிலத்துக்காக ஓடியவர். மகன் ஹாக்கி. தம்பி வேலையாவும் பந்து விளையாடியவர்தான். ஆனால் தம்பியைப் பற்றி யாரும் நீட்டிப் பேசுவதில்லை. "அவரும் ஆடுவாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்த கோல் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அரையிறுதி ஆட்டம், கொட்டும் மழை, யார் முகமும் தெரியாத சேறு. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, உயரத்திலிருந்து இறங்கிய பந்தைத் தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்த ஓர் அடி. வலை கிழிந்தது என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அந்த அடிதான் கிளப்பை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனது. கிண்ணம் கிடைத்தது. தங்கையாவை மாநிலக் குழுவில் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு அரசாங்க வேலையும் கூடவே வரும், அவருக்கும் வந்தது.

என் அப்பா அன்று மைதானத்தில் நின்றிருந்தார். லோரி ஓட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "நான் பார்த்தேன்டா. இந்தக் கண்ணால பார்த்தேன்" என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டில் பெருமைப்பட்டுக்கொள்ள எங்களுக்கு வேறென்ன இருந்தது? பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். அப்பாவின் பெருமை இரண்டாயிற்று... தங்கையாவின் கோல், மகனின் பட்டம்.

அதனால்தான் ரசிகர்கள் கூடித் தங்கையாவுக்கு ஒரு பாராட்டு மலர் போடுவதென்று முடிவு செய்தபோது, எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. குழுவின் தலைவர் மணியம் அங்கிள் பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து என் முதுகில் தட்டினார்.

"நாங்கல்லாம் வாயால கோல் போடுற ஆளுங்க லா. நீ படிச்சவன். எழுதிக் குடு."

அப்பா இலையைப் பார்த்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என்னவென்று எழுதுவேன்!

முதலில் எழுதியது கோல் பக்கத்தைத்தான். பங்சார் அலுவலகத்தில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, திருத்தித் திருத்தி எழுதினேன். மழையை எழுதினேன், சேற்றை எழுதினேன், பந்து காற்றில் நின்ற அந்த ஒரு கணத்தை எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சிறந்த பக்கம் அது. இதை மறந்துவிடாதீர்கள். என் குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிறகுதான் தங்கையாவைப் பேட்டி காணப் போனேன். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பிற்பகல். சாய்வு நாற்காலியில் அவர். சன்னலோரம் ஆரஞ்சுப் பழம் உரித்தபடி தம்பி வேலையா. அண்ணனைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போய் வருவதற்காகவே பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்து போகிறவர். நான் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தினேன்.

"பதியுதா?" என்றார் தங்கையா.

"பதியுது அங்கிள்."

"அப்பக் கேட்டுக்க. அந்த கோல் என்னுது இல்ல."

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"விடுண்ணே, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் வேலையா, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இருடா. நாப்பது வருசம் சும்மா இருந்தது போதும்."

அவர் சொன்னது இதுதான். முதல் பாதியிலேயே அவருடைய கணுக்கால் வீங்கிவிட்டது. மாற்றாட்டக்காரர்கள் இருவரையும் ஏற்கெனவே இறக்கியாயிற்று. வேலையா அன்றைய பட்டியலிலேயே இல்லை. பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவர். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. இடைவேளையில் பயிற்சியாளர் கதவைச் சாத்தினார். பத்தாம் எண் சட்டையைக் கழற்றித் தம்பிக்கு மாட்டினார். முகத்தில் ஒரு கை சேற்றை அள்ளிப் பூசினார். ஆள் மாறாட்டம்! வெளியே தெரிந்திருந்தால் ஆட்டம் பறிபோயிருக்கும். தெரிந்த நான்கைந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் இந்த அண்ணன் தம்பியைத் தவிர இப்போது யாரும் உயிரோடு இல்லை.

"சட்டைதான் என்னுது. பூட்ஸ் அவனுக்குச் சேரல, சின்னதா போச்சு. அவன் பழைய பூட்ஸ், முன்னாடி வாய் பிளந்து கெடக்கும். சைக்கிள் டியூப்ப வெட்டிச் சுத்திக் கட்டியிருந்தான். அந்தப் படத்த நல்லாப் பாரு, தெரியும்."

அந்த அடியின்போது எடுத்த அந்தப் படம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பத்தாம் எண் முதுகு, காற்றில் தூக்கிய இடது கால். கால் நுனியில் ஒரு கறுப்புப் பட்டை. சேறு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்...

"மறு வருசம் இவன் முட்டி போயிடுச்சு. துறைமுகத்துல மூட்ட தூக்கப் போயிட்டான். நான் அவன் கோல வச்சு வேலைக்குப் போயிட்டேன்." தங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் இருக்கறப்ப போடாதப்பா, வெக்கமா இருக்கு. போனதுக்கு அப்புறம் போடு. ஒரு பக்கம் அவனுக்குக் குடு. செய்வியா?"

"செய்வேன் அங்கிள்."

வேலையா ஆரஞ்சுச் சுளைகளை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, என் மோட்டார் சைக்கிள் திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தார்.

மலர் அச்சாகும் முன்பே தங்கையா இறந்துபோனார். பாராட்டு மலர் நினைவு மலராயிற்று.

நான் எழுத முயன்றேன். நம்புங்கள்... முயன்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சாப்பாட்டுக் கடையில், மெல்ல ஆழம் பார்த்தேன்.

"அங்கிள், அந்த கோல வேற யாரோ போட்டதா ஒரு பேச்சு இருக்கே..."

மணியம் அங்கிள் சோற்றுக் கையை அப்படியே தூக்கினார். "எந்த மடையன் சொன்னது? ஆப்சைடுன்னு விசிலத் தூக்குன ரெப்ரியவே அன்னைக்கு ஓட விட்டவங்க லா நாங்க! அவன வரச் சொல்லு!"

மேசையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "என்னடா சொல்ற... நான் பார்த்தேனே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"சும்மாப்பா. பேஸ்புக்ல எவனோ எழுதியிருந்தான்" என்றேன்.

என் முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது!

அப்பாவுக்காகத்தான் மறைத்தேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய ஒரே பொக்கிஷத்தைப் பிடுங்கலாமா? கிளப்பின் மானம்? கிண்ணத்தின் கதி? அழகான காரணங்கள். ஆனால் நான் படித்தவன் அல்லவா... படித்தவனுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்? மரியாதையாக உண்மையைச் சொல்லும் ஒரு பக்கத்தை என்னால் எழுதியிருக்க முடியும். அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். மூன்றாம் நாள், 'சட்டை மாத்துனத நானும் பார்த்தேன்' என்று ஆரம்பித்திருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

உண்மைக் காரணம் வேறு. நான் எழுதிய பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மழை, அந்தச் சேறு, பந்து காற்றில் நின்ற அந்தக் கணம்... என் வாக்கியங்கள் அழகாக இருந்தன. ஒரு மனிதரின் வாழ்க்கையைவிட என் வாக்கியங்கள் எனக்குப் பெரிதாகப் போயின. அவ்வளவுதான்!

அச்சுக்கு அனுப்பும் நாளன்று படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கியதும் தெரிந்தது. பட்டையில் ஒரு முடிச்சு இருந்தது. சேற்றுக்கு முடிச்சு ஏது? சுட்டியை நகர்த்திப் படத்தை முழங்காலோடு வெட்டினேன். வேலையாவின் பாதங்கள் காணாமல் போயின.

நினைவுக் கூட்டம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில், ஒரு ஞாயிறு காலை. வேலையா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடிப்புக் கோடுகள் இன்னும் நிமிராத சட்டை. கூடவே பேத்தி தாரணி, பள்ளிக் கால்பந்துக் குழுவில் ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பெண். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"தம்பி, இவ கேக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன். பூச்சோங்ல இன்னிக்கு இவளுக்கு டியூஷன். லீவு போட வச்சுட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முன்னாடி உக்காருங்க அங்கிள்" என்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். தங்கையா என்ற பெயர் வந்த ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பின்சுவரின் மின்விசிறியைப் பார்த்து வாசித்தேன். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவரும் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

சாப்பாட்டு வரிசையில் தாரணி என்னிடம் வந்தாள். கையில் மலர். பக்கத்தில் என் அப்பா, தண்ணீர்ப் போத்தல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி வேலையா.

"அண்ணே, அந்த கோல தாந்தான் போட்டதா தாத்தா சொன்னாரு. என்கிட்ட மட்டும்தான் சொன்னாராம். ஆனா புக்குல பெரிய தாத்தா பேருதானே இருக்கு? எது உண்மை?"

கேலியில்லை, சந்தேகமில்லை. தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு குழந்தையின் நேரான கேள்வி. அந்த இடத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது, பாருங்கள்! அச்சு முடிந்திருந்தாலும் என் வாய் இருந்தது. கைப்பேசியில் தங்கையாவின் குரல் இருந்தது.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"புக்குல உள்ளதுதாம்மா" என்றேன்.

தாரணி தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். வேலையா என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். அதை என்னால் தாங்கியிருக்க முடியும். அவர் சிரித்தார்.

"தாத்தா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா" என்றார் பேத்தியிடம். "நீ நல்லா ஆடணும்னு ஒரு கத."

"போங்க தாத்தா! நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!" அவள் முகம் சிவந்துவிட்டது. மலரை மேசைமேல் போட்டுவிட்டு வெளியே போனாள்.

வேலையா மலரை எடுத்து, முனை மடங்கியிருந்ததை நிமிர்த்தினார். "நல்லா எழுதியிருக்கப்பா" என்றார். பிறகு அவளைத் தேடிப் போனார்.

சொல்லுங்கள்... அண்ணன் அவரிடமிருந்து எடுத்தது ஒரு கோலை. நான் எடுத்தது? சொந்தப் பேத்தியின் முன் அவரைப் பொய்யராக்கினேன். அதுவும் போதாமல், என்னைக் காப்பாற்றும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினேன்!

அதன்பின் ஒருமுறை மேருவுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வேலையா வீட்டில் இல்லை. தாரணி கதவைத் திறந்தாள். வாசல் ஓரத்துச் சப்பாத்து அடுக்கைக் காட்டி, தாத்தா ஒரு பழைய பூட்ஸ் வைத்திருந்தாராமே என்று கேட்டேன்.

"அதுவா அண்ணே? டியூப்லாம் கட்டி இருக்குமே, அதுதானே? தாத்தா குப்பையில போட்டுட்டாரு. நாத்தம்னு சொன்னாரு."

நான் திரும்பிவிட்டேன்.

போன மாதம் பள்ளிகளுக்கிடையிலான ஆட்டம் ஒன்றில் தாரணி கோல் போட்டாள். இடது காலால்! நானும் அப்பாவும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். வேலையா சற்றுத் தள்ளி, மடக்கு நாற்காலியில். அப்பா வேலியைப் பிடித்து உலுக்கினார்.

"பார்த்தியாடா! தங்கையா ரத்தம்டா! அதே அடி! நான் அன்னைக்குப் பார்த்த அதே அடி!"

சுற்றியிருந்தவர்கள் "தங்கையா! தங்கையா!" என்று கத்தினார்கள். அந்தப் பெண் எங்கள் பக்கம் கையசைத்தாள். வேலையா நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கைதட்டினார். நானும் கைதட்டினேன்.

ஒலிப்பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போது உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைப்பீர்கள். மனம் இலேசாகியிருக்கும் என்றும் நினைப்பீர்கள். இல்லை. அப்பாவுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டிவிடுவார்களோ, மணியம் அங்கிள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து, எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த கோல் இந்தத் தாளிலும் உரியவரிடம் போய்ச் சேரவில்லை.

வேலையா என்பது அவர் பெயர் அல்ல.