எழுப்பாமல் எழுந்தவர்

சூலூரில் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்த ஆறுச்சாமிக்கு வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறொரு வேலை உண்டு. மாசி மாதம் அவருடைய சொந்த ஊரான காரைக்காட்டுப்பாளையத்தில் அண்ணமார் சாமிக்குப் படுகளம் என்னும் சடங்கு நடக்கும். பார்க்க விரும்புகிறவர்களை அவர்தான் அழைத்துப் போவார். அவிநாசி வரை ஒரு பஸ், அங்கிருந்து சேவூர் வழியாகச் சத்தியமங்கலம் போகும் பஸ், இறங்கியபின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண் பாதையில் நடை. செருப்பை எங்கே கழற்றுவது, எந்த வேப்பமரத்தடியில் நின்றால் களம் முழுதும் தெரியும், யாருக்கு வழி விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. கூட்டிப் போன ஆள் வாய் பிளந்து நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே அவருக்குப் போதும்.

1993ஆம் ஆண்டு அவருடன் கிளம்பியவர் சுந்தரராஜுலு. பட்டறைக்கு எதிரே, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர்; வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

"ஏனுங்க ஆறுச்சாமி, நிசமாவே செத்தாப்புடி விழுவாங்களா? இல்ல, நம்ம பட்டறைல மத்தியானம் தறிக்கடியில படுப்பாங்களே, அந்த மாதிரிங்களா?"

"வந்து பாருங்க. பாத்துப்போட்டு அப்பறம் சிரிங்க."

"சிரிக்கலீங்க. உங்க மாப்ள பொங்கியண்ணனும் விழுவாராமா? போன மாசம் கெணத்து மோட்டாரத் தூக்கிட்டு வந்து, இன்னிக்கே வேணும்னு கடைல அந்தச் சத்தம் போட்டாரு. அவரு மேல எறங்கறதுக்கு சாமிக்கே பயமா இருக்காதுங்களா?"

ஆறுச்சாமியும் சிரித்துவிட்டார். பொங்கியண்ணன் அவருடைய தங்கை ராசாத்தாளின் கணவர். ஆறு வருடமாகக் களத்தில் விழுகிறவர்.

பாதையில் நடக்கும்போது ஆறுச்சாமி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். குடை பிடிக்கக் கூடாது. கேமராவைப் பையை விட்டு எடுக்கக் கூடாது. விழுந்தவரைத் தாண்டக் கூடாது. பாதியில் கிளம்பக் கூடாது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. களத்தில் விழுந்தவரை, எழுப்பும் வரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நெருப்பில் கை வைக்காதே என்று பெரியவர்களுக்குச் சொல்வோமா? அப்படித்தான் ஆறுச்சாமிக்கு இதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

உச்சி வெயிலில் ஆட்டம் தொடங்கியது. போர்க்களத்தில் மாண்ட அண்ணன் தம்பிகளின் கதையைப் பூசாரி திருமலைசாமி உடுக்கை அடித்துப் பாட, கையில் வாளோடு ஆண்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பறை வேகம் பிடித்தது. முதலில் ஒருவர் உடம்பு உதறியது. பிறகு இன்னொருவர். வெட்டிச் சாய்த்த வாழை போல ஒவ்வொருவராக மண்ணில் விழுந்தார்கள். விழுந்தவர்கள்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள். சட்டென்று பறை நின்றது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அது நடிப்பு அழுகை அல்ல. அந்த நேரத்தில் அவர்கள் கணக்குக்கு அங்கே கிடப்பது பிணங்கள்தான். கதையில் மாண்டவர்களின் தங்கையாக வரும் பூசாரி வீட்டுப் பெண் செம்புத் தண்ணீரும் பிரம்புமாக வந்து, தெளித்து, தொட்டு, பேர் சொன்னால்தான் உயிர் திரும்பும்.

சுந்தரராஜுலு இப்போது சிரிக்கவில்லை. அவர் காலடியிலிருந்து கையெட்டும் தூரத்தில் பொங்கியண்ணன் கிடந்தார். காற்றில் வேட்டி விலகி முகம் தெரிந்தது. கண் பாதி திறந்து வெள்ளையாக இருந்தது. கன்னத்தில் ஒரு கட்டெறும்பு ஏறி, மெதுவாகக் கண்ணை நோக்கிப் போனது.

"பொங்கியண்ணா, எறும்பு! கண்ணுல போவுது பாருங்க!"

நல்ல மனதோடு சொன்னதுதான். பொங்கியண்ணன் கண் விழித்தார். எழுந்து உட்கார்ந்தார்.

ஒப்பாரி அந்தப் பக்கமாக மட்டும் நின்றது. செம்போடு வந்துகொண்டிருந்த பெண் அவர் எதிரே நின்றாள். திறந்திருந்த கண்களைப் பார்த்தாள். தண்ணீர் தெளிக்காமல் அடுத்தவரிடம் போனாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் பொங்கியண்ணன் மடியில் வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுச்சாமிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சுந்தரராஜுலுவுக்குக்கூட மோர் கொடுத்தார்கள். ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவர் இல்லையா!

ஆடி மாதம் ராசாத்தாள் சூலூருக்கு வந்தாள். அண்ணன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பாத்திரத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஊட்ல இருக்கறாருங்ணா. ஆனா இல்ல. மாட்டுக்கிட்டப் போனா மாடு மெரண்டு அக்கட்ட ஒதுங்குது. கலியாணத்துல தாம்பாளம் வந்துச்சுன்னா அவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போவுது. ஆரும் ஒண்ணும் சொல்றதில்ல. கையி தானா அப்புடிப் போவுதுங்ணா."

"கோயமுத்தூர்ல டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லைன்னு டானிக் எழுதிக் குடுத்தாரு. ஒரு வாய் சோத்துக்கு மேல எறங்க மாட்டேங்குது. ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டாரு. நேத்து கேக்கறாரு, 'ராசாத்தா, நான் இன்னும் அங்க வெயில்லயே கெடக்கறேன், ஆராச்சும் வாரீங்களா'ன்னு. நான் பக்கத்துல ஒக்காந்துட்டு இருக்கறனுங்ணா!"

ஆறுச்சாமி அந்த வாரமே பூசாரியைப் போய்ப் பார்த்தார். திருமலைசாமி நல்ல மனிதர். ஆறுச்சாமியைக் கட்டிலில் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"கூப்புட்ட நாக்கைக் கூட்டிட்டு வந்தது நீங்க. அதே எடத்துல நீங்க விழோணும். அவரு பேரைச் சொல்லி உங்களை எழுப்புவோம். அவரும் எந்திரிச்சுக்குவாரு."

"விழறனுங்க."

"அவசரப்படாதீங்க. விழறது உங்க கையில இல்ல. சாமி வந்து தள்ளோணும். சும்மா போயிப் படுத்தீங்கன்னா..." பூசாரி முடிக்காமல் வெற்றிலையை மடித்தார்.

ஆறுச்சாமி இருபது வயதிலிருந்து களத்தில் ஆடிப் பார்த்தவர். அவர்மேல் ஒரு தடவைகூடச் சாமி வந்ததில்லை. பதினைந்து மாசி ஆடிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். மற்றவர்களைக் கூட்டிப்போய் வேடிக்கை காட்டும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

விஷயம் தெரிந்து சுந்தரராஜுலு பட்டறைக்கே வந்தார். கண் கலங்கியிருந்தது. "நாஞ் செஞ்ச வேலைங்க. நானே வந்து விழுந்தர்றனுங்க."

"நீங்க விழுந்தா தெலுங்கு சாமியில்ல வரும்! எங்க பூசாரிக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க" என்றார் ஆறுச்சாமி. இரண்டு பேரும் சிரிக்க முயன்றார்கள். சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாசியில் அவர் தனியாகத்தான் போனார். விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, வாளை வாங்கி ஆடினார். பறை ஏறியது. பக்கத்தில் ஆடியவர் உதறிக்கொண்டு விழுந்தார். எதிரே இருந்தவர் விழுந்தார். ஆறுச்சாமி கண்ணை மூடிக் காத்திருந்தார். சுடுமண் பாதத்தைப் பொசுக்கியது. முழங்கால் வலித்தது. வேறொன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது வேப்பமரத்தடியில் பொங்கியண்ணன் நின்றிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவரைத் தோளோடு பிடித்தபடி ராசாத்தாள்.

களத்தில் விழாமல் ஆடிக்கொண்டிருப்பது தான் மட்டுமே என்று ஆறுச்சாமிக்குத் தெரிந்தது. பறைக்காரர்கள் அவரையே பார்த்து அடித்தார்கள்.

அவர் முழங்காலை மடக்கி விழுந்தார்.

வேட்டி மேலே வந்து மூடியது. வெள்ளைத் துணிக்குள் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. மூச்சு விடுவது தெரிந்துவிடுமோ என்று சிறிது சிறிதாக விட்டார். தலைமாட்டில் காலடி வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பெண் தாண்டிப் போய்விடுவாள் என்று அவர் நினைத்தபோது முகத்தில் தண்ணீர் விழுந்தது. பிரம்பு தோளைத் தொட்டது.

"பொங்கியண்ணா, எந்திரி!"

அவர் எழுந்தார். வேப்பமரத்தடியில் பொங்கியண்ணன் பெரிய சத்தமாக அழுதார். பிறகு, "ராசாத்தா, பசிக்குதுடி" என்றார். ஊரே அதைக் கேட்டது.

ராசாத்தாள் வீட்டில் பொங்கியண்ணன் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்டார். "மச்சா, நீங்களும் ஒக்காருங்க" என்று பழைய குரலில் அதட்டிவிட்டு, மாட்டைப் பார்க்கப் போனார். ஆறுச்சாமி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ராசாத்தாள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குச் சாமி வந்துச்சுங்களா?"

"ஏங் கண்ணு?"

"எல்லாரும் உதறிக்கிட்டு விழுந்தாங்க. நீங்க ஒக்காந்து படுத்தாப்புடி இருந்துச்சு. அவரு பாக்கல. நாம் பாத்தேன்." அவள் அவருடைய ஈரக்கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "எந் தலைமேல சத்தியமாச் சொல்லுங்க. இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது."

கொட்டகையில் பொங்கியண்ணன் மாட்டோடு பேசுவது கேட்டது. மாடு பதிலுக்குக் கத்தியது. தங்கையின் உச்சந்தலை வெயிலில் சூடாகியிருந்தது.

"வந்துச்சு கண்ணு. சத்தியமா வந்துச்சு."

ராசாத்தாள் முகம் தெளிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார். "இருங்க, சோறு போடறேன்" என்று திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். வாசற்படியில் கால் தடுக்கியது.

அவள் விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சேலை நீளமுங்ணா" என்று சொல்லியபடி உள்ளே போய்விட்டாள். ஆறுச்சாமி அதற்குள் பாதித் தூரம் ஓடியிருந்தார்.