அரை மணி நேரம் பின்னால் போன நட்சத்திரம்

போன வாரம் கிள்ளானுக்குப் போகிற ரயிலில் கைப்பேசியை எடுத்தால் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. புதிய பதிப்புக்கு இது பொருந்தாது என்று ஒற்றை வரி. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, நேத்து போன் அப்டேட் ஆச்சா? அதான் லா" என்றாள். அவளுக்கு அது சாதாரண விஷயம். எனக்கோ 'பொருந்தாது' என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லை வைத்துத்தான் பல வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு. கடைவீட்டின் முதல் மாடி. கீழே பூமாலைக் கடை, பக்கத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. காலையில் மல்லிகையும் மதியம் ரசமும் படியேறி வரும். உள்ளறைக்குள் நுழைந்தால் அதெல்லாம் நின்றுபோய், சூடேறிய தூசி வாசனை மட்டும் இருக்கும். அதுதான் சர்வர் வாசனை. சர்வர் என்றால் எல்லா ஜாதகங்களும் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். முன்னறைக் கம்ப்யூட்டர்கள் அதனிடம்தான் கேட்டு வாங்கும். ஒருநாள் "சர்வர் படுத்துருச்சு, நாளைக்கு வாங்க" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைப் பையன் என்று நினைத்துக்கொண்டு, "பாவம், கிளினிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றார்.

நிலையத்தை நடத்தியவர் மகேஸ்வரி ஆன்டி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இதைத் தொடங்கியவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக இருப்பார். குரல் உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே பயமாக இருக்கும். ஜாதகம் கணித்துப் பத்துப் பொருத்தமும் பார்க்கிற புரோகிராமை, சென்னையில் இருந்த ஒருவரிடம் சொல்லி மலேசியாவுக்கென்றே எழுதி வாங்கியிருந்தார். பிறந்த குழந்தைகளுக்கும் அதில்தான் ஜாதகம் எடுத்துக் கொடுப்போம்.

ஆன்டிக்கு ஓர் ஆசை இருந்தது. பெண், மாப்பிள்ளை படங்களும் திரையில் வரவேண்டும். அதற்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடவேண்டும் என்று குணா சொன்னான். குணா செராஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் கம்ப்யூட்டர் ஆள். எதைக் கேட்டாலும் மலாயில் "போலே லா, ஆன்டி", அதாவது முடியும் என்பான். முடியாது என்ற சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். புதுச் சர்வர் வந்தது, புது சிஸ்டமும் ஏறியது. படங்களும் வந்தன. ஜாதகப் புரோகிராம் மட்டும் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வரும், மறையும்.

"என்ன பிள்ளை, வேலை செய்யுதோ?"

"இன்னும் இல்ல ஆன்டி."

அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். கடைசியில் குணா எங்கேயோ பேசி, ஏதோ ஒட்டுப்போட்டு, அதை எழுப்பிவிட்டான். ஆன்டி மூவருக்கும் கேசரி வரவழைத்தார். புதுப் பிரிண்டரில் அச்சு பளிச்சென்று விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

இந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் மகனுக்கும் காஞ்சனா என்ற நர்ஸுக்கும் எங்கள் மூலம்தான் பேசி முடித்திருந்தது. பழைய கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்து, மண்டபம் பேசி, கார்டும் அடித்தாகிவிட்டது. ஈப்போவில் இருக்கும் அண்ணனுக்குக் காட்ட இன்னொரு பிரதி வேண்டும் என்றார். நான் பெருமையாகப் புதுத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

சில நாளில் அந்தம்மா இரண்டு தாள்களையும் மேசைமேல் போட்டார்.

"என்னா இது? போன மாசம் பொண்ணுக்குப் பூரம்னீங்க, இப்ப மகம்னு இருக்கு. மகனுக்கு அசுவினி. ரஜ்ஜு தட்டுதுன்னு எங்கண்ணன் சொல்லிட்டாரு. கல்யாணத்த நிறுத்தியாச்சு."

ஆன்டி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் அவகாசம் தாங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்தம்மா படியிறங்குகிற சத்தம் கேட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. ரஜ்ஜு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே ரஜ்ஜு வரக்கூடாது, அசுவினியும் மகமும் ஒரே ரஜ்ஜு. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்து, அது ஒன்று இல்லையென்றாலும் எழுந்து போகிறவர்கள் உண்டு.

மறுநாள் காலை காஞ்சனா வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைச் சீருடைமேல் ஒரு ஸ்வெட்டர். அழுத முகமாக இல்லை. வந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, ஒன்னு மட்டும் சொல்லுங்க. நா பொறந்த தேதி மாறல, நேரம் மாறல. நட்சத்திரம் மட்டும் எப்படி மாறும்?"

பழைய தாள்கள் சிலவற்றை எடுத்து, அதே ஆட்களுக்குப் புதிதாகவும் அச்செடுத்தேன். இருவரும் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். காய்ச்சல் அட்டை படித்துப் பழகிய கண் அவளுக்கு. "எல்லாருக்கும் நிலா கொஞ்சம் பின்னால போயிருக்கு. ஒரே மாதிரி" என்றாள். மற்றவர்களுக்கு நட்சத்திரத்தின் நடுவில் நிலா இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. இவளுக்குப் பூரத்தின் வாசலிலேயே நின்றிருந்தது. சற்றுப் பின்னால் தள்ளியதும் மகத்துக்குள் விழுந்துவிட்டது. குழந்தைகளின் தாள்களை எடுத்தால் ஒன்றில்கூட மாற்றமில்லை.

"பெரியவங்களுக்கு மட்டும் மாறுது, சின்னப் பிள்ளைங்களுக்கு மாறல. ஏன்?" என்றாள் காஞ்சனா.

தேநீரோடு வந்த ஆன்டி கதவருகிலேயே நின்றார். "எண்பத்திரண்டில மணியை முன்னுக்குத் தள்ளி வைச்சவங்கள் எல்லோ!" என்றார்.

அதுதான். அந்தப் புத்தாண்டில் நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய மணிப்படி கணக்குப் போடவேண்டும். பழைய கம்ப்யூட்டரில் புரோகிராம் இதைத் தானே பார்த்துக்கொண்டது. குணாவின் ஒட்டுக்குப் பிறகு அது புது சிஸ்டத்திடம் 'இந்த ஊரில் மணிக்கணக்கு என்ன' என்று கேட்டிருக்கிறது. சிஸ்டம் இன்றைய கணக்கையே எல்லாருக்கும் சொல்லிவிட்டது. நாங்களெல்லாம் அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்தவர்களாகிவிட்டோம்.

குணாவைக் கூப்பிட்டோம். நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, அன்று முதல் தடவையாக "போலே" சொல்லாமல் எழுந்தான். ஸ்டோர் அறையிலிருந்து பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். எண்பத்திரண்டுக்கு முன்னே பிறந்தவர்களுக்கு அது, பின்னே பிறந்தவர்களுக்குப் புதுசு என்று முடிவானது. காஞ்சனாவுக்குப் பூரம் திரும்பி வந்தது.

போனில் சொன்னால் போதுமே என்றேன். "இல்லைப் பிள்ளை, நான்தான் போய்ச் சொல்லோணும்" என்று ஆன்டி என்னையும் அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார். மாப்பிள்ளை வீட்டில் அந்தம்மா முழுவதையும் கேட்டார். புரிந்ததோ இல்லையோ, ஆன்டி நேரில் வந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது. "அப்ப சரி, அதே தேதியில வச்சிக்கலாம்" என்றார். மாப்பிள்ளை கூடத்தில்தான் இருந்தார். டிவியில் பந்து விளையாட்டு. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து காஞ்சனா வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா உடனே மண்டபத்துக்குப் போன் பண்ணப் போனார்.

"அப்பா, இருங்க" என்றாள் காஞ்சனா. பிறகு ஆன்டியைப் பார்த்து, "மிஷின் சரியானதுல சந்தோஷம் ஆன்டி. ஆனா எனக்கு வேணாம்."

அப்பா எடுத்த போனைக் கீழே வைத்தார். காஞ்சனா தொடர்ந்தாள்.

"நின்னுபோனதிலிருந்து அவரு ஒரு போன் பண்ணல. நானே கூப்பிட்டேன். வீட்ல இல்லன்னு அவரு தங்கச்சி சொல்லிச்சு. 'இல்லன்னு சொல்லு'ன்னு பின்னால அவரு சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

அவள் அம்மா ஆன்டியைப் பார்த்தார். ஏதாவது எடுத்துச் சொல்லுவார் என்ற எதிர்பார்ப்பு. எத்தனையோ பெண்களை எதெதற்கோ இணங்கவைத்தவர்தான் அவர். அன்று தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை யோசிச்சுத்தான் சொல்லுறா. விடுங்கோ" என்றார்.

திரும்பும் ரயிலில் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் வாய் திறந்தார். "டிக்கெட் உன்னட்டையோ, என்னட்டையோ?"

காஞ்சனா அப்புறம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். ஒரு தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வந்தது, பனியில் நின்று எடுத்த படத்தோடு. பிறகு ஒன்றும் வரவில்லை. குணா தொழிலை மாற்றிக்கொண்டான் என்று கேள்வி. ஆன்டிக்கு முழங்கால் படியேற விடாமல் போனதும் நிலையத்தை மூடிவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்தார், அங்கேயே காலமானார். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அண்மையில் அந்தப் பக்கம் போனேன். கடைவீட்டு வரிசையே இல்லை. அந்த இடத்தில் ஓர் உயரமான குடியிருப்பு. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு வாசலில் இருந்த காவலாளி, "சாரி சியாப்பா, காக்?" என்றார். யாரைத் தேடுகிறீர்கள் அக்கா என்று மலாயில் கேட்கிறார். சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கீழ்த்தளங்கள் எல்லாம் கார் நிறுத்துமிடம். காஞ்சனா உட்கார்ந்து தாள்களைப் பரப்பிய அந்த முதல் மாடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கார் பின்பக்கமாக வந்து, கோட்டுக்குள் சரியாக நின்று, விளக்கை அணைத்தது.